இரவல் எலும்பு

“மறுபடி ஒரு தடவை சொல்லுங்க டாக்டர், மெதுவா. நான் மாட்டுக்காரி.”

ஆர்லிஸ் ட்வைட் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டாக்டர் ஃபெல்ட்காம்ப் சிரிக்கவில்லை. நரைக்கத் தொடங்கிய முடியை இறுக்கிக் கட்டியிருந்த அந்த அம்மாள், திரையில் தெரிந்த முழங்கால் படத்தின்மேல் பேனா முனையை வைத்தாள்.

“மாட்டுக்காரின்னு தெரிஞ்சதுனாலதான் எனக்குப் பயமே. இங்க பாருங்க. இது உங்க தொடை எலும்போட அடி நுனி. இதுமேல வழவழன்னு குருத்தெலும்பு, அதான் ஜவ்வு, போர்த்தியிருக்கணும். இந்த இடத்துல அது இல்ல. அடியில எலும்பும் செத்துப்போச்சு. ரோட்டுல தார் பேந்து, கீழ இருக்கற ஜல்லியும் போயிட்டா எப்படி இருக்கும், அப்படி.”

“பழைய இடம்தானா?”

“அதே இடம்தான். கிடேரி தள்ளி, சாணிக் கால்வாய் விளிம்புல முட்டி மோதிச்சுன்னு வந்தீங்களே, அப்ப எலும்புல சின்னச் சின்னத் துளையாப் போட்டேன். கசியற ரத்தம் உறைஞ்சு புதுசா ஜவ்வு படியும்னு பார்த்தேன். ஆறு வாரம் கால ஊனாதீங்கன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“எப்ப கொட்டகைக்குப் போனீங்க?”

“ஒரு கன்னு கால் மாறி வந்துச்சு டாக்டர். ரெண்டும் போயிருக்கும், தாயும் பிள்ளையும்…”

“எப்பன்னு கேட்டேன்.”

“ரெண்டாவது வாரம்” என்றாள் ஆர்லிஸ், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் ஓரின் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். “ரெண்டும் பொழச்சுது டாக்டர்” என்றான், அவளுக்குப் பரிந்து பேசுகிறவன்போல. டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மறுபடி தொப்பிக்குத் திரும்பினான்.

“அப்ப உலோக மூட்டு வெச்சுடுங்களேன். எங்க சர்ச்சுல பாதிப் பேரு அதுலதான் நடக்கறாங்க.”

“அவங்களுக்கு எழுபது வயசு. உங்களுக்கு நாப்பத்திமூணு. அது தேயும். தேஞ்சதை எடுத்துட்டு இன்னொண்ணு வெக்கறது மொதல் தடவை மாதிரி சுளுவில்ல. அது கிடக்கட்டும், அதை வெச்சுக்கிட்டு நாள் பூரா குந்திக் குந்தி எழுந்திரிக்க முடியாது. குந்தாம உங்க கொட்டகையில மாடு கறக்க முடியுமா?”

“முடியாது.”

“ஊசி போட்டா வலி குறையும், குழி குறையாது. உங்க செல்லையே எடுத்து வளர்த்து ஒட்டலாம்னு வீட்டுக்காரர் எங்கயோ படிச்சிருக்கார்…”

“படிச்சேன்” என்றான் ஓரின்.

“ஜவ்வு மட்டும் போயிருந்தா அதைத்தான் செய்வேன். அடியில எலும்பே இல்லையே. ஜல்லி இல்லாத குழியில தாரை ஊத்தி என்ன புண்ணியம்? உங்களுக்கு மிச்சம் ஒரு வழிதான். இறந்துபோன ஒருத்தரோட முட்டியிலருந்து எலும்பும் ஜவ்வும் சேர்ந்தாப்ல ஒரு துண்டு எடுத்து, உங்க குழி அளவுக்குச் செதுக்கி, உள்ள பொருத்தறது. உயிரோட இருக்கற ஜவ்வு அது. குளிர்ல வெச்சாலும் சில வாரம்தான் தாங்கும். உங்க அளவுக்குக் கிடைக்கும்போது கூப்பிடுவோம். கூப்பிட்டா போட்டது போட்டபடி வந்துடணும்.”

“யாரோட முட்டி டாக்டர்?”

“அதைச் சொல்ல மாட்டாங்க. வயசு கம்மியா இருக்கும். அது மட்டும் நிச்சயம்.”

ஆர்லிஸ் தன் முழங்காலைப் பார்த்தாள். வயசு கம்மியென்றால், எங்கேயோ இந்த நிமிஷம் ஓடியாடிக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை. அது சாகிற வரைக்கும் இவள் காத்திருக்க வேண்டும். அப்படி நினைத்ததுமே நெஞ்சில் ஒரு அருவருப்பு வந்து போயிற்று.

“எட்டு வாரம் அந்தக் கால்ல பாரம் இறங்கக் கூடாது” என்றாள் டாக்டர். “இது கெட்டா என்கிட்ட வேற மருந்து இல்ல. உலோகம்தான். உலோகம்னா மாட்டை வித்துடணும். தெளிவாச் சொல்லிட்டேன். யார் கறப்பாங்க?”

“அது நடந்துடும் டாக்டர்.”

விஸ்கான்சினின் அந்தப் பள்ளத்தாக்கில் ‘நடந்துடும்’ என்றால், எப்படி நடக்கும் என்று சொல்கிறவருக்கே தெரியாது என்று பொருள். டாக்டரும் அந்தப் பக்கத்துக்காரிதான். பெருமூச்சு விட்டாள்.

நாற்பத்தாறு மாடுகள். இரண்டு வரிசையாகக் கட்டிப்போட்டுக் கறக்கிற பழைய கொட்டகை. ஒவ்வொரு மாட்டின் பக்கத்திலும் குந்தி மடி கழுவி, காம்பில் கறவைக் குழாயை மாட்டிவிட்டு எழ வேண்டும். அது முடிந்ததும் மறுபடி குந்திக் கழற்ற வேண்டும். விடியலில் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை. ஓரின் ஜன்னல் செய்கிற ஆலைக்குப் போகிறவன். மருத்துவக் காப்பீடு அந்த வேலையிலிருந்து வருகிறது. அதை விட்டால் ஆபரேஷனே இல்லை. மாடுகள் ஆர்லிஸின் பொறுப்பு. அவளுடைய அப்பாவின் மாடுகளுக்குப் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் அவை. ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி.

ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலம் ஹார்லன் ஸ்காருடையது. மனைவியை இழந்தவர். இதயத்தில் கோளாறு என்று மகள்கள் நச்சரித்ததால் போன இலையுதிர் காலத்தில் மாடுகளை விற்றிருந்தார். வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல், இருக்கிற வேலிக்கே மறுபடி வேலி போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏம்மா ஆர்லிஸ், ஆபரேஷன் ஆனா கறவையை நான் வந்து பார்த்துக்கட்டுமா? சும்மாதானே கிடக்கேன்.”

“ஐயையோ, வேண்டாம் ஹார்லன். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்!”

“சிரமம் என்ன சிரமம். நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது. அப்புறம் கூரையைத்தான் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன்.”

“நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குவோம்.”

“சரி, கேக் எடுத்துக்க.”

“வேண்டாம், வேண்டாம்.”

“எடுத்துக்கம்மா.”

“இப்பதான் சாப்பிட்டேன்.”

“அட, எடுங்கறேன்ல!”

எடுத்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறியதும் ஓரின் கேட்டான்: “ஹார்லன் கறவை பத்திக் கேட்டாரா?”

“கேட்டாரு.”

“எத்தனை?”

“ஒண்ணுதான்.”

“அடுத்த வாரமும் கேப்பாரு, பாரேன்.”

கேட்டார். மறுத்தாள். “ரெண்டாச்சு” என்றான் ஓரின், சந்தோஷமாக. “அடுத்த ஞாயிறு முடிஞ்சுடும்.”

நார்வேக்காரர் வந்து குடியேறிய ஊர் அது. முதல் தடவையே ‘சரி’ என்பவர் அங்கே பட்டினி கிடந்தவர்போல் ஆகிவிடுவார். இரண்டாவதற்குச் சரி என்பவர் பேராசைக்காரர். மூன்றாம் முறை வற்புறுத்துகிறபோது அது உதவி என்ற நிலையைத் தாண்டி ஒரு சின்னச் சண்டை ஆகிவிடும். சண்டையில் தோற்பதில் யாருக்கும் அவமானமில்லை. கேக்கிலிருந்து கல்யாணம் வரைக்கும் அப்படித்தான். ஆர்லிஸே ஓரினுக்கு இரண்டு தடவை ‘முடியாது’ சொன்னவள்.

ஆனால் அந்த மூன்றாவது ஞாயிறு வருவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

“அளவு பொருந்தற ஒண்ணு வந்திருக்கு. நாளைக்கு ராத்திரிக்குள்ள வர முடியுமா?” என்றது ஒரு பெண் குரல்.

“வரேன்” என்றாள் ஆர்லிஸ். பிறகு, “அந்தப் பிள்ளை… எப்படி?” என்று ஆரம்பித்தாள்.

“அதை நாங்க சொல்லக் கூடாதும்மா.”

“சரி. கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க.”

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. “சரியா உக்காந்துடுச்சு, பாட்டிலுக்கு மூடி போட்டாப்ல” என்றாள் டாக்டர் ஃபெல்ட்காம்ப். அவள் சிரித்து ஆர்லிஸ் பார்த்தது அதுதான் முதல் தடவை. “இனி என் வேலை முடிஞ்சுது. அடியில இருக்கற உங்க எலும்பு அதைத் தன்னோடதுன்னு ஏத்துக்கணும். அதுக்குத்தான் அந்த எட்டு வாரம்.”

வீட்டுக்கு வந்து சமையலறைக்குப் பக்கத்தில் போட்ட கட்டிலில் படுத்திருக்கும்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்து முட்டியில் போட்ட கட்டின்மேல் கைவைத்துப் பேசுவாள். “நீ யார் பிள்ளையோ எனக்குத் தெரியாது. மாட்டு வாசம் உனக்குப் பழக்கமோ இல்லையோ. கொஞ்சம் பொறுத்துக்கிட்டுப் பிடிச்சுக்கோ, என்ன?” ஓடி விளையாடின முட்டியாக இருக்கும். பனியில் சறுக்கின முட்டியாகவும் இருக்கலாம். அதைப் பெற்றவள் எங்கே உட்கார்ந்து அழுகிறாளோ. இவ்வளவு பெரிய கடனை ஆர்லிஸ் யாரிடமும் பட்டதில்லை. இதில் மட்டும் மூன்று தடவை மறுக்க யாரும் அவளுக்கு இடம் தரவில்லை.

ஹார்லன் பார்க்க வந்தார். உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் போட்டு வேகவைத்த ஒரு பெரிய பாத்திரத்தை நீட்டிவிட்டு, பூட்ஸில் பனி என்று உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“ஓரின் கறக்கறான் போல?”

“லீவு போட்டிருக்கான்.”

“நல்லது, நல்லது.” கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை போயிற்று. “மாடெல்லாம் சவுக்கியமா?”

“சவுக்கியம்.”

“நல்லது” என்று மூன்றாம் முறை சொல்லிவிட்டுப் போனார். கேட்கவில்லை.

ஓரினின் லீவு தீர்ந்தது. விடியலில் மாடு கறந்து, ஆலைக்கு ஓடி, சாயந்திரம் வந்து மறுபடி கறந்தான். சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியைப் பிடித்தபடியே தூங்கினான்.

“ஹார்லனை நீயே கேட்டுடேன்” என்றான் ஒரு நாள்.

“நானா? நான் எப்படிக் கேக்கறது?”

“வாயாலதான்.”

“உனக்கும் வாய் இருக்கே, நீ கேளு.”

ஓரின் யோசித்தான். “அவரு மாட்டை வித்த மனுஷன். ‘வந்து என் மாட்டைக் கறங்க’ன்னு நான் போய் நிக்கறதா? நல்லா இருக்காது.”

“பாத்தியா.”

“அவரா கேக்கட்டும். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்ல.”

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானத்திலிருந்தே பனி கொட்டியது. ஐந்து மணிக்கு ஓரின் போன் செய்தான். மேட்டில் ஒரு லாரி குறுக்கே விழுந்து கிடக்கிறது, ரோட்டை அடைத்துவிட்டார்கள், எப்போது விடுவார்களோ தெரியாது என்றான்.

“ஆர்லிஸ், நீ கொட்டகைக்குப் போகாத. கேக்குதா? ஹார்லனைக் கூப்பிடு. எனக்குச் சத்தியம் பண்ணு.”

“கூப்பிடறேன்.”

கூப்பிட்டாள். மாடுகள் அதற்குள் கத்த ஆரம்பித்திருந்தன. மடி நிறைந்த மாட்டின் கத்தல், சுவரைத் தாண்டி, பனியைத் தாண்டி வந்தது.

“ஹார்லன், நான் ஆர்லிஸ். பனி எப்படி இருக்கு அங்க?”

“இங்கயும் அதே பனிதான்மா” என்று சிரித்தார். “காலு எப்படி?”

“பரவால்ல. உங்க கணப்பு ஒழுங்கா வேலை செய்யுதா?”

“செய்யுது, செய்யுது.” கொஞ்சம் நின்று, “மாடு கத்துதே?” என்றார்.

“ஆமா, அதுங்களுக்கு வேற என்ன வேலை.”

“ஓரின் வரலையா?”

“வந்துக்கிட்டே இருக்கான்.”

“அப்ப… நான் வேணும்னா வந்து…”

“ஐயோ வேண்டாம் ஹார்லன், இந்தப் பனியிலயா!”

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பரவாயில்லை என்று அவள் காத்திருந்தாள். இன்றைக்கு வந்தது புதுச் சங்கதி. சர்ச்சில் கேட்டது ஆபரேஷனுக்காகக் கேட்டது. இது இந்தப் பனிக்காகக் கேட்பது. அப்படியானால் இது முதலாவது. இன்னும் இரண்டு வரும். கம்பிக்கு அந்தப் பக்கம் ஹார்லன் மூச்சு விடுவது கேட்டது.

“சரிம்மா” என்றார் கடைசியில்.

“சரி.”

“அப்ப வெக்கட்டுமா?”

“சரி ஹார்லன்.”

போனின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுபடி அடிப்பார். அடித்தால் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்கடுத்ததில் ‘சரி, வாங்க’ என்று சொல்லிவிடலாம். அவளே அடித்திருக்கலாம். கை எழவில்லை. போன் அடிக்கவேயில்லை. பியோனியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. கன்று போட்டு ஒரு வாரம்கூட ஆகாத பசு. கறக்காமல் விட்டால் மடி கல்லாகிக் காய்ச்சல் வந்துவிடும்.

கால் ஊனாமல் செய்தால் என்ன என்று தோன்றியது. ஊன்றுகோலோடு போய், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அந்தக் காலை நீட்டி வைத்துக்கொண்டு, பியோனியை மட்டும் கறந்துவிட்டு வந்துவிடலாம்.

அப்படித்தான் செய்தாள். பியோனி முடிந்தது. கால் வலிக்கவில்லை. பக்கத்து மாடு திரும்பிப் பார்த்தது. சரி, உன்னையும் கறந்துடறேன் என்று வாளியை நகர்த்தினாள். அப்படியே ஒரு வரிசையில் பாதி வரைக்கும் வந்துவிட்டாள். வியர்வையும் பால் வாசமும் மிஷினின் டக் டக்கும் சேர்ந்து எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போது ஒரு தலையீற்றுக் கிடேரி இடுப்பை வீசித் திரும்ப, வாளி சாய்ந்தது. விழாமலிருக்க எந்த மனிதரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இரண்டு காலையும் ஊன்றினாள்.

பெரிய வலி ஒன்றும் இல்லை. சமமாக இருந்த தரையில் ஒரு படி இறங்கினாற்போல் உள்ளே ஏதோ இறங்கிற்று. அவ்வளவுதான். அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஓரின் வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“சத்தியம் பண்ணியே!”

“ஹார்லனைக் கூப்பிடறேன்னுதான் பண்ணினேன். கூப்பிட்டேன்.”

“வரலையா அவரு?”

“கேட்டாரு.”

“அப்புறம்?”

“ஒரு தடவைதான் கேட்டாரு, ஓரின்.”

ஓரின் அவளைத் திட்டவில்லை. பக்கத்திலேயே வைக்கோலில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிறகு எழுந்து மிச்ச மாடுகளைக் கறந்தான்.

டாக்டர் ஃபெல்ட்காம்பும் திட்டவில்லை. புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடி பாட்டிலுக்குள் சரிந்து விழுந்திருந்தது.

“இன்னொண்ணு வெக்க முடியாதா டாக்டர்?”

“அதைத் தாங்க சுத்தி நல்ல எலும்பு வேணும் ஆர்லிஸ். இனி இல்ல. இதை எடுத்துட்டு உலோகம்தான் வெக்கணும்.”

“எடுத்து என்ன பண்ணுவீங்க, அந்தத் துண்டை?”

டாக்டர் படங்களை எடுத்து வைத்தாள். “கழிவோட போயிடும்” என்றாள் மெல்ல.

“யாரோ ஒருத்தி, பிள்ளை செத்துக் கிடக்கும்போது, சரின்னு ஒரே தடவையில சொல்லிக் குடுத்திருக்கா” என்றாள் ஆர்லிஸ். டாக்டர் நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பனி உருகித் தெரு சேறானபோது மாடு ஏற்ற லாரிகள் வந்தன. சொல்லியனுப்பாமலே ஹார்லனும் வந்தார். ரப்பர் பூட்ஸும் பழைய மேலங்கியுமாக. ஆர்லிஸ் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாடுகள் தெரியாத கைக்கு முரண்டு பிடித்தன. ஹார்லன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, காதில் ஏதோ சொல்லி, ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டுபோய் ஏற்றினார். அவருடைய கைகள் எதையும் மறந்திருக்கவில்லை.

நடுவில் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் லாரியைப் பார்த்தார்கள்.

“அன்னிக்கு நான் பூட்ஸை மாட்டிட்டேன்” என்றார் ஹார்லன். “போனை வெச்சிட்டு, கதவு வரைக்கும் வந்தேன்.”

“வந்திருக்கலாமே.”

“நீ வேண்டாம்னுட்டியே.”

“ஒரு தடவை கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவேன்!”

“ஒரு தடவையா?” அவர் திரும்பி அவளைப் பார்த்தார். “சர்ச்சுல ரெண்டு. போன்ல மூணு. மூணாவதுக்கும் வேண்டாம்னா அது நெசமான வேண்டாம்தானேம்மா?”

ஆர்லிஸ் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

“அதுக்கு மேலயும் கேட்டா…” ஹார்லன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். “தன் மாட்டை வித்துட்டு, அடுத்தவன் மாட்டைத் தொட அலையறான் கிழவன்னு நினைச்சுக்குவியோன்னு பட்டுச்சு. நெசமாவே அலைஞ்சேன்மா. அதான் கேக்க முடியல.”

“ஹார்லன்…”

“சொல்லாத. ஒண்ணும் சொல்லாத.” லாரிக்காரன் கூப்பிட்டான். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டை அவிழ்க்கப் போனார். அவர் முதுகையே ஆர்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு முட்டியும் அந்தப் பக்கம் ஒரு மனசும் கிடந்து தேய்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு போன் கம்பிதான் இருந்தது.

பியோனி லாரியில் ஏற மாட்டேன் என்று பலகையின் கீழேயே நின்றுவிட்டது. ஹார்லன் சொல்லியும் அசையவில்லை. “பியோனி, போ” என்றாள் ஆர்லிஸ், உட்கார்ந்த இடத்திலிருந்தே. அது ஒரு தடவை அவள் பக்கம் திரும்பியது. பிறகு ஏறிவிட்டது.

சாயந்திரம் ஐந்து மணிக்கு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஆலையிலிருந்து வந்த ஓரின் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டான். வாய் திறந்திருந்தது. ஒரு கை, எழுந்திருக்கப் போகிறவனைப்போல் நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. கறவை நேரமாச்சு என்று அவனை எழுப்ப ஆர்லிஸுக்கு வாய்வரைக்கும் வந்தது. ஊன்றுகோலை ஓசைப்படாமல் சுவரில் சாய்த்துவிட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவன் எழுந்து போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.